சித்திரக்கதைத் துறையில் ஓவியரின் நுழைவு: மொழிச்சூழலும் தொழில்முறையும்

1. முன்னுரை

இந்தியச் சித்திரக்கதைகளைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கதைப்பொருளையோ பாத்திரங்களையோ மையமாகக் கொண்டவை. ஓவியர் இத்துறைக்குள் எவ்வாறு வந்தார், எப்பணியை ஏற்று வந்தார், வந்த வழி அவருடைய பெயரையும் உரிமையையும் எவ்வாறு தீர்மானித்தது என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டன. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவை தம் துறைக்குப் புறம்பானவை என எண்ணுவதுண்டு. ஆனால் பன்மொழி நாடொன்றில் சித்திரக்கதை ஒரு மொழியில் எழுதப்பட்டு, கோட்டால் வரையப்பட்டு, பிறகு பல மொழிகளில் பேசவைக்கப்படுகிறது. ஆதலால் ஓவியரின் தொழில் வரலாறு மொழிபெயர்ப்பின் வரலாற்றோடு பிணைந்தே கிடக்கிறது.

விடுதலைக்குப் பின்னர் இத்துறைக்குள் நுழைந்த ஓவியர்கள் நான்கு வாயில்கள் வழியாக வந்தனர் எனலாம். இதழகப் பணி, ஒருமொழித் தொடர்க்கதை, பன்மொழி வெளியீட்டு நிறுவனம், மொழிபெயர்ப்பு வெளியீட்டகம் என்பன அவை. ஒவ்வொரு வாயிலையும் அமைத்தது ஒரு மொழிச்சூழல் என்பதும், அச்சூழலே ஓவியருக்குக் கிட்டியதையும் கிட்டாததையும் வரையறுத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பெயர்கள்

தமிழில் 'சித்திரக்கதை', 'படக்கதை', 'காமிக்ஸ்' என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இந்தியிலும் மலையாளத்திலும் 'சித்ரகதா' என்பது பழகிய சொல். நூலுக்கு இத்தனை பெயர்கள் இருந்தும், அதை வரைபவருக்குத் தனிப்பெயர் தோன்றவில்லை. 'ஓவியர்', 'சித்திரக்காரர்', 'ஆர்ட்டிஸ்ட்' ஆகிய மூன்றும் நாள்காட்டி வரைபவர்க்கும் விளம்பரப் பலகை எழுதுபவர்க்கும் பொதுவானவை.

எனினும் தொழிலில் இரு வேறு பணிகள் உண்டு. கதைக்குப் படம் வரைதல் ஒன்று; கதையைப் படமாக வரைதல் மற்றொன்று. நான்காம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் இடையிலான இவ்வேறுபாடு பணியின் தன்மையையே மாற்றுகிறது. முன்னதில் கதை ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. படம் அதற்குத் துணை. படத்தை நீக்கினாலும் கதை நிற்கும். பின்னதில் ஓவியர் கதையின் காலத்தைக் கட்டங்களாகப் பகுக்கிறார். எதைக் காட்டுவது, எதை இரு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் விடுவது என்பதை அவர் முடிவு செய்கிறார். படத்தை நீக்கினால் எஞ்சுவது கதையன்று, உரையாடல் துணுக்குகளே. கதைக்கு வரைபவராக இருந்தவர் கதையை வரைபவராக மாறியதே இத்துறையில் நுழைவு எனப்படுவது.

3. முதல் வாயில்: இதழகப் பணி

1947இல் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய 'சந்தமாமா' தெலுங்கிலும், 'அம்புலிமாமா' என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்தது. பின்னர் அது பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் விரிந்தது. எம்.டி.வி. ஆசார்யா, சித்ரா, வட்டாதி பாபய்யா, சங்கர் ஆகியோர் அதன் பக்கங்களுக்கு முகம் தந்தவர்கள்.

இவர்களுள் சங்கர் என அறியப்பட்ட கே.சி. சிவசங்கரனின் வாழ்க்கை இவ்வாயிலுக்குத் தக்க சான்று. 1924இல் பிறந்த அவர் சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியில் பயின்றார். 1850இல் தோன்றிய அப்பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பயிற்சிக்குப் பின் சங்கர் 1946இல் 'கலைமகள்' இதழில் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் சந்தமாமா நிறுவனத்துக்கு வந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கே வரைந்தார். தோளில் உடலைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனின் படம் அவருடையது. 2020இல் அவர் மறைந்தபின், 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சந்தமாமா சித்திரக்கதை இதழன்று. அதன் ஓவியர்கள் கதைக்கு வரைந்தவர்கள். ஆயினும் பன்மொழிச் சித்திரக்கதைக்கு வேண்டிய ஓர் ஒழுங்கை அது முன்னரே உருவாக்கியிருந்தது. படம் எல்லா மொழிகளுக்கும் பொது. எழுத்து மட்டும் மாறும். ஒரே படத்தின் அருகே தெலுங்கும் தமிழும் கன்னடமும் அமரவேண்டியிருந்தமையால், படத்துக்குரிய இடமும் உரைக்குரிய இடமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டன. ஓவியர் எந்த மொழிக்கும் உரியவராகாமல் எல்லா மொழிகளுக்கும் உரியவரானார். மாதச் சம்பளமும் நிலையான பணியிடமும் அவருக்குக் கிடைத்தன. இவ்வாயிலின் சிறப்பு பாதுகாப்பு. அதன் எல்லை, கதை அவர் கைக்கு வராமை.

4. இரண்டாம் வாயில்: ஒருமொழித் தொடர்

எழுதுபவரும் வரைபவரும் ஒருவராகவே இருந்த வழி இரண்டாவது. இதற்கு வங்காளத்தின் நாராயண் தேப்நாத், டில்லியின் பிராண், கேரளத்தின் டோம்ஸ் ஆகிய மூவரும் எடுத்துக்காட்டுகள்.

1925இல் ஹவுராவின் ஷிப்பூரில் பிறந்த தேப்நாத்தின் குடும்பத்தொழில் பொன்னகை வாணிகம். இளமையிலேயே நகைகளுக்குக் கோலவடிவங்கள் வரைந்து பழகிய கை அவருடையது. கலைக்கல்லூரியில் சேர்ந்தும் இறுதியாண்டை முடிக்கவில்லை; திரையரங்குகளில் காட்டப்படும் விளம்பரச் சில்லுகளும் நிறுவனச் சின்னங்களும் வரைந்து பிழைத்தார். 1950இல் தேவ் சாகித்ய குடீர் என்னும் பதிப்பகத்தின் தொடர்பு கிட்டியது. அங்கும் முதலில் வந்தது பிறர் நூல்களுக்குப் படம் வரையும் பணியே. 'ஹாந்தா போந்தா' தொடங்கியது 1962இல். 'பாந்துல் தி கிரேட்' 1965இல். 'நோண்டே போண்டே' 1969இல். கதைக்கு வரைவதிலிருந்து கதையை வரைவதற்கு வர அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் கதை, உரையாடல், கோடு, எழுத்து யாவும் ஒரே கையினின்று வந்தன. பேச்சுக்குமிழின் அளவை அவருடைய வங்காள வாக்கியம் தீர்மானித்தது. 2013இல் சாகித்ய அகாதெமியின் குழந்தை இலக்கிய விருது பெற்ற அவர், 2022இல் மறைந்தார்.

பிராண்குமார் சர்மா 1938இல் இன்று பாகிஸ்தானில் உள்ள கசூரில் பிறந்தார். அரசியல் அறிவியலில் பட்டம் பெற்ற அவர், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் பாடத்தை அஞ்சல்வழியாகப் பயின்றார் என வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். 1960இல் டில்லியின் 'மிலாப்' நாளிதழில் 'டாபு' என்னும் தொடருடன் நுழைந்தார். அக்காலத்தில் இந்திய நாளிதழ்களின் படத்தொடர்களில் பெரும்பகுதி அயல்நாட்டுத் தொடர்களின் மறுபதிப்பே. அவை மலிவு, ஒருமுறை வரைந்தது உலகெங்கும் விற்கப்பட்டது. உள்ளூர் ஓவியர் அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருந்தது. போட்டியில் அவருக்கு இருந்த வலிமை மொழியும் வாழ்முறையுமே. 1970களின் தொடக்கத்தில் 'லோட்போட்' இதழில் அவர் படைத்த சாச்சா சௌத்ரி, தலைப்பாகையும் கைத்தடியும் கொண்ட அண்டைவீட்டு முதியவர். 'சாச்சா' என்னும் உறவுப்பெயரே பாத்திரத்தின் பாதி. 1978இல் டயமண்ட் காமிக்ஸ் தோன்றியபின் அப்பாத்திரம் நூல்வடிவில் பல மொழிகளுக்குச் சென்றது.

வி.டி. தாமஸ் என்னும் டோம்ஸின் 'போபனும் மோளியும்' மலையாள மனோரமா வார இதழில் 1957 முதல் வெளிவந்தது. பின்னட்டையிலிருந்து இதழைப் படிக்கத் தொடங்கும் பழக்கம் கேரளத்தில் அதனால் வந்தது என்பர். மலையாள வட்டார வழக்கும் அயலவர் பேச்சும் நிறைந்த அத்தொடர் அம்மொழிக்குள்ளேயே வேர்கொண்டது.

இம்மூவருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. அவர்களுடைய கோடு ஜே.ஜே. பள்ளி மாணவரின் கோட்டைவிட எளியது. ஆனால் நகைச்சுவைக்குரிய பேச்சு அவர்கள் வசம் இருந்தது. இவ்வாயிலில் நுழையச் சீட்டாக அமைந்தது தாய்மொழியின் பேச்சுநடையே.

5. மூன்றாம் வாயில்: பன்மொழி நிறுவனம்

1964 மார்ச்சில் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 'இந்திரஜால் காமிக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகித்தவை அமெரிக்க வேதாள வீரன் கதைகள். இந்திய ஓவியர்க்கு அதில் கிடைத்த இடம் அட்டைப்படம். கோவிந்த் பிராமணியா இவ்வாறு அட்டைகளால் அறியப்பட்டவர். ஆபித் சூர்த்தி 1976இல் 'பகதூர்' பாத்திரத்தைப் படைத்தபோது அதன் உட்பக்கங்களை வரைந்தவரும் அவரே. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. வீரன் வாழும் 'பங்கல்லா' என்னும் கற்பனை நாட்டின் பெயர் வங்கத்தை நினைவூட்டியமையால் இந்தியப் பதிப்பில் 'டெங்காலி' ஆயிற்று.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய அனந்த் பை (1929-2011) 1967இல் இந்தியா புக் ஹவுஸ் வழியாக 'அமர் சித்ர கதா' வரிசையைத் தொடங்கினார். அதன் முதற்பத்து எண்கள் மேலைநாட்டுக் கதைகளின் கன்னடப் பதிப்புகளுக்கு உரியவை. அதனாலேயே முதல் இந்தியக் கதையான 'கிருஷ்ணா' 11ஆம் எண் பெற்றது. அதை வரைந்தவர் ராம் வாயீர்கர். பிரதாப் முல்லிக், யூசுப் லீன், திலீப் கதம், சி.எம். விடங்கர், சௌரேன் ராய் முதலியோர் தொடர்ந்து வந்தனர். 1980இல் 'டிங்கிள்' இதழ் தோன்றி மேலும் பலருக்கு இடமளித்தது.

பம்பாயில் இத்தகைய நிறுவனம் எழுந்தது தற்செயலன்று. ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1930களிலேயே வணிகக்கலைப் பிரிவு இருந்தது. விளம்பர நிறுவனங்களும் திரைப்பட விளம்பர ஓவியக் கூடங்களும் நகரெங்கும் இருந்தன. உருவம் வரைவதில் கைதேர்ந்த, பக்கக் கணக்கில் ஊதியம் பெற இசைந்த ஓவியர்கள் அங்கே கிடைத்தனர். புதிதாக வருபவர் நேரடியாகக் கதை பெறுவதும் உண்டு. மூத்த ஓவியரின் கீழ்ப் பின்னணியும் வண்ணமும் தீட்டிப் பழகி மேலேறுவதும் உண்டு. ஆசிரியர்-மாணவர் வழிமுறை இத்துறையில் கல்லூரிக்கு இணையான பள்ளியாக விளங்கியது.

இங்கு ஓவியர் கையில் வந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கதையுரை. கட்டத்தின் காட்சி, விவரணை, உரையாடல் மூன்றும் அதில் வகுக்கப்பட்டிருக்கும். ஓவியர் பென்சிலால் வரைந்து காட்ட, பதிப்பாசிரியர் திருத்தம் கூற, பின்னர் மை தீட்டப்படும். தேப்நாத்துக்குத் தம் வாக்கியமே அளவுகோலாக இருந்தது. இங்கோ ஓவியர் தாம் அறியாத மொழிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியவரானார்.

6. கறுப்புத் தகட்டின் இலக்கணம்

நாலுவண்ண அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தகடு உண்டு. பல மொழிகளில் ஒரு நூலை அச்சிடுகையில் முதல் மூன்று தகடுகளை மாற்றாமல், கறுப்புத் தகட்டை மட்டும் மொழிதோறும் மாற்றுவதே செலவு குறைந்த முறை. இத்தொழில்நுட்பச் சிக்கனம் ஓவியர்க்குச் சில விதிகளை இட்டது.

முதலாவது, எழுத்து யாவும் கறுப்பில், வெள்ளைப் பரப்பின்மீது இருக்கவேண்டும். வண்ணத்தில் வரைந்த எழுத்து மொழி மாறாது. ஆகவே வெடியோசையை வண்ணத்தில் பெரிதாக வரைந்த ஓவியர், தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கில ஒலியை நிலைக்கவைத்தார்; அதைத் தவிர்க்க விரும்பியவர் ஒலிக்குறிப்பையே தவிர்த்தார். இரட்டைக்கிளவியில் வளமுடைய தமிழுக்கு இது ஓர் இழப்பு. 'சடசட', 'மளமள', 'கிடுகிடு' என ஓசையோடு வேகத்தையும் பரப்பையும் உணர்த்தும் சொற்கள் பல இருந்தும், படத்துக்குள் இடம்பெற்றவை 'டுமீல்', 'டமார்' போன்ற சிலவே.

இரண்டாவது, குமிழின் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் நெருக்கமாக அமைவன, சொற்களும் சிறியன. தேவநாகரியில் தலைக்கோட்டுக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே உயரம் தேவை. தமிழுக்கு உயரத்தைவிட அகலம் தேவை. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். குறுகிய குமிழில் அது ஒரு வரியில் அடங்காது, உடைத்தாலோ கண் தடுமாறும். ஆங்கிலத்துக்கெனச் செங்குத்தாக வரையப்பட்ட குமிழ் தமிழ் எழுதுபவர்க்குச் சிறை. பட்டறிவுள்ள ஓவியர் குமிழை அகன்ற முட்டை வடிவில், கட்டத்தின் மேற்பகுதியில், தலைகளைத் தொடாமல் விட்டுவைத்தார். மாதிரிப் பக்கங்களோடு வாய்ப்புக் கேட்டு வந்தவரின் தகுதி உருவ அழகால் மட்டும் அறியப்படவில்லை. எழுத்துக்கு இடம் விடத் தெரிந்தவரா என்பதாலும் அறியப்பட்டது.

மூன்றாவது, வாசிப்புத் திசை. இந்திய எழுத்துமுறைகளில் பெரும்பாலானவை இடமிருந்து வலம் செல்வதால் ஒரே கட்ட வரிசை அவற்றுக்குப் பொருந்தியது. வலமிருந்து இடம் செல்லும் உருதுவுக்கு அது பொருந்தாது. பக்கத்தைக் கண்ணாடி போல் திருப்பினால் வீரன் இடக்கையில் வாள் ஏந்துவான். திருப்பாவிட்டால் வாசகர் எழுத்தை ஒரு திசையிலும் படத்தை எதிர்த்திசையிலும் படிக்கவேண்டும்.

7. மொழிபெயர்ப்பாளரும் ஓவியரும்

இவ்வமைப்பில் மொழிபெயர்ப்பாளருக்கு ஓவியர் தகவலாளர் ஆகிறார். ஆங்கில மூலத்தின் முன்னிலைப் பெயர் ஒன்றே. அதைத் தமிழில் 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா, 'தாங்கள்' என்பதா என்பதை மூலவுரை கூறாது, படம் கூறும். கைகூப்பி நிற்பவன் யார், அமர்ந்திருப்பவர் யார், தலை யாருடையது தாழ்ந்துள்ளது என்பவற்றைக் கண்டே மொழிபெயர்ப்பாளர் தேர்கிறார். ஓவியர் அமைச்சனை நிமிர்ந்து நிற்பவனாக வரைந்துவிட்டால், தமிழ் உரையாடலின் பணிவு படத்தோடு முரணும்.

சொல்வரிசையும் இவ்வாறே. ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முதற்கட்டத்தில் நின்று, செயப்படுபொருள் அடுத்த கட்டத்தில் வந்து வியப்பூட்டக்கூடும். ஓவியரும் அவ்வரிசைக்கேற்ப இரண்டாம் கட்டத்தில் பாம்பை வரைந்திருப்பார். தமிழின் இயல்பான வரிசையில் 'நான் ஒரு பாம்பை' என்பது முதற்கட்டத்திலும் 'பார்த்தேன்' என்பது இரண்டாவதிலும் விழும். படம் காட்டும் முன்னரே சொல் காட்டிவிடும். இதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கைக்கொண்டது பிளவுத்தொடர். 'நான் பார்த்தது...' என முதற்கட்டம் நிற்க, 'ஒரு பாம்பை!' என அடுத்தது முடியும். உரைநடையில் அழுத்தத்துக்கு மட்டும் வரும் இத்தொடரமைப்பு, சித்திரக்கதைத் தமிழில் கட்டவரிசையைக் காக்கும் கருவியாகிறது.

பெயர்களில் மொழிபெயர்ப்பாளர் காட்டிய நுட்பமும் குறிக்கத்தக்கது. டிங்கிள் இதழில் 1983இல் தோன்றிய 'ஷிக்காரி ஷம்பு' தமிழில், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' இதழில் 'வேட்டைக்கார வேம்பு' ஆனான். 'காலியா' என்னும் காகம் 'காக்கை காளி' ஆயிற்று. பொருளும் மோனையும் ஒருங்கே பெயர்ந்துள்ளன. ஷம்புவை வரைந்த வசந்த் ஹல்பே அவன் கண்களைத் தொப்பியால் மறைத்தே வரைந்தார். கண் தெரியாத முகத்தில் உணர்ச்சியை உடலே காட்டவேண்டும். அதனால் அப்பக்கங்கள் சொல்லை மிகுதியும் வேண்டாமல் எம்மொழிக்கும் எளிதில் பெயர்ந்தன.

இதற்கு மறுதலையான பயணமும் நிகழ்ந்தது. அதே 1983இல் திருச்சிராப்பள்ளி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்து 'சுப்பாண்டி' தோன்றினான். தமிழ்நாட்டு நகைப்புக் கதை ஆங்கிலத்துக்குச் சென்று, ராம் வாயீர்கர் கோட்டில் உருப்பெற்று, மீண்டும் தமிழுக்கு வந்தது.

8. நான்காம் வாயில்: மொழிபெயர்ப்பு வெளியீட்டகம்

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவன் 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தோன்றிய அப்பாத்திரத்தின் கோடு ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவினுடையது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. தமிழ் வாசகர் உலகச் சித்திரக்கதையோடு பெற்ற உறவு பெரிதும் இவற்றால் விளைந்தது.

இங்கு உள்ளூர் ஓவியர்க்கு உட்பக்கம் இல்லை; அட்டையும் எழுத்துமே உண்டு. கோவில்பட்டியின் கொண்டையராஜூ (1898-1976) வழியில் வளர்ந்த நாள்காட்டி ஓவியமரபும் சிவகாசியின் அச்சுத்தொழிலும் அடுத்தடுத்து இருந்தமையால் அட்டை வரையும் கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கதையை வரையும் பயிற்சி அட்டையால் வாராது. வெற்றிகரமான மொழிபெயர்ப்பு வாசகரை வளர்த்தது. மூல ஓவியரை வளர்க்கவில்லை. வங்காளத்தில் ஒருவர் அரைநூற்றாண்டு தொடர்ந்து வரைய முடிந்ததையும், தமிழில் அத்தகைய நீண்ட தொடர்கள் அரிதாயினமையையும் ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பின் மலிவுக்கு ஒரு விலை உண்டென்பது புலப்படும். இதை மொழிபெயர்ப்பாளர் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ளவேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பும் மூலப்படைப்பும் ஒரே விலைக்களத்தில் நின்றதன் விளைவு அது.

9. உரிமை

யாருடைய கதை என்னும் வினா டோம்ஸின் வழக்கில் நேராக எழுந்தது. அவர் மனோரமாவிலிருந்து விலகி வேறொரு வார இதழில் தம் பாத்திரங்களைத் தொடர முற்பட்டபோது, அவை நிறுவனத்துக்கே உரியவை என வழக்குத் தொடரப்பட்டது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைப்பாளரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. பணி ஒப்பந்தத்தின்கீழ் உருவானதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணியமர்த்தியவர் உரிமையாளர் என விலக்கும் கூறுகிறது. பணியில் சேருமுன்பே பாத்திரங்கள் படைக்கப்பட்டிருந்தமை டோம்ஸுக்குத் துணையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் கேரள உயர்நீதிமன்றம், பணிக்காலத்தில் வரைந்த படங்களின் நிலை வேறு, பாத்திரத்தைத் தொடர்ந்து வரையும் உரிமை வேறு எனக் கண்டு, அவர் தொடர்ந்து வரையத் தடையில்லை எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு பயன்பட்டது இரண்டாம் வாயில் வழியாக வந்தவருக்கே. பாத்திரத்தோடு வந்தவர் பாத்திரத்தோடு வெளியேறலாம். பிறர் எழுதிய கதையைப் பக்கக் கணக்கில் வரைந்தவர் எதைக் கொண்டு வெளியேறுவார்? நூல் மறுபதிப்பாகும், மேலும் சில மொழிகளில் பெயர்க்கப்படும், கோடு அதேதான். ஒருமுறை பெற்ற பக்க ஊதியம் மட்டுமே பயனாக அமைந்த இடத்தில், எத்தனை மொழிகளில் அக்கோடு பேசினாலும் வரைந்தவருக்கு அது புதிய வருவாய் ஆகாது. மொழிபெயர்ப்பாளர் நிலையும் இதனின்று வேறுபட்டதன்று.

10. சரிவும் மாற்றமும்

தூர்தர்ஷனில் 1987இல் இராமாயணமும் 1988இல் மகாபாரதமும் தொடங்கின. 1991க்குப் பின் செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தது. 1990இல் இந்திரஜால் நின்றது. 1990களின் தொடக்கத்தில் அமர் சித்ர கதாவில் புதிய தலைப்புகள் வருவதும் பெரும்பாலும் நின்றது. இந்தியில் 1986இல் நாகராஜையும் 1987இல் சூப்பர் கமாண்டோ துருவனையும் தந்த ராஜ் காமிக்ஸ் மேலும் சில ஆண்டுகள் ஓவியர்களைத் தாங்கியது. துருவனை எழுதியும் வரைந்தும் வந்த அனுபம் சின்ஹா இரண்டாம் வாயிலின் மரபைப் பெரிய நிறுவனத்துக்குள் தொடர்ந்தவர்.

1994இல் ஓரிஜித் சென் நர்மதை அணைப் போராட்டம் பற்றி வரைந்த 'ரிவர் ஆப் ஸ்டோரீஸ்', 2004இல் சாரநாத் பானர்ஜியின் 'காரிடார்' ஆகியன ஓவியரை ஆசிரியராக முன்னிறுத்தின. 2004இல் ஜீவன் காங் வரைந்த இந்திய ஸ்பைடர்மேன், 2006இல் பெங்களூர்க் கலைக்கூடத்தோடு தொடங்கிய விர்ஜின் காமிக்ஸ் ஆகியன அயல்நாட்டுச் சந்தைக்கு வழி திறந்தன. 2011இல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் விழா ஓவியரும் வாசகரும் நேரில் காணும் களமாயிற்று.

கணினியால் கறுப்புத் தகட்டின் விதிகளும் தளர்ந்தன. எழுத்து தனி அடுக்காக நிற்பதால் வண்ண ஒலிக்குறிப்பையும் மொழிதோறும் மாற்றலாம்; குமிழையும் விரிக்கலாம். ஆயினும் தமிழ்ச்சொல்லின் நீளமும் வாக்கியத்தின் வினைமுடிவும் மாறவில்லை. இன்று நுழைய விரும்பும் ஓவியர் தனிப்படத்தை விடத் தொடர்ச்சியான சில பக்கங்களையே மாதிரியாகக் காட்டவேண்டியிருப்பதும் பழைய வேறுபாட்டின் தொடர்ச்சியே. கதைக்கு வரையத் தெரிந்தவர் பலர். கதையை வரையத் தெரிந்தவர் யார் என்பதே கேட்கப்படுகிறது.

11. முடிவுரை

நான்கு வாயில்களையும் ஒருங்கு நோக்கின் ஓர் ஒழுங்கு தெரிகிறது. இதழகம் பாதுகாப்பைத் தந்தது, கதையைத் தரவில்லை. பன்மொழி நிறுவனம் நாடளாவிய வாசகரைத் தந்தது, சொல்லை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு வெளியீட்டகம் உலகின் கோடுகளைக் கொணர்ந்தது, உள்ளூர்க் கோட்டுக்கு அட்டையை மட்டும் விட்டது. தன் மொழியில் தானே எழுதி வரைந்தவருக்கே பெயரும் பாத்திரமும் ஒருங்கே எஞ்சின. ஆனால் அவருடைய எல்லை பெரிதும் அம்மொழியின் எல்லையாக இருந்தது.

கதைக்கு, கதையை என்னும் இரு உருபுகளோடு இவ்வரலாறு நின்றுவிடவில்லை. கிழமைப்பொருளில் வரும் ஆறாம் வேற்றுமை மூன்றாவதாக வந்து, கதை யாருடையது என வினவுகிறது. தமிழில் மூலச் சித்திரக்கதை வளரவேண்டுமாயின், ஓவியரின் பெயரும் மொழிபெயர்ப்பாளரின் பெயரும் நூலின் முதற்பக்கத்தில் இடம்பெறுவதும், மறுபதிப்பிலும் மறுமொழியிலும் இருவருக்கும் பங்கு உறுதிசெய்யப்படுவதும் தொடக்கமாக அமையும்.